சதாசிவத்தின் 215 ஓட்டங்களும் ஒரு பெண்ணின் பெயரும்

2025 செப்டெம்பர் முதலாம் திகதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கான வேலைகளை ஜனாதிபதி தொடக்கிவைத்தார். அன்று பின்னேரம் பரமேஸ்வராச் சந்தியடித் தேத்தண்ணிக் கடையில் எங்கட கூட்டத்தின் கதை முழுக்க அதுதான். கண்டல் என்ன ஆகும், கடல்நீர் எங்கே போகும் என்று ஒரு பக்கம் வாதம். மற்றப் பக்கம் அதைவிட அவசரம்: மைதானம் கட்டி முடிந்தால் அரங்குகளுக்கு ஆரின்ர பேரை வைக்கிறது?

முரளி என்றார்கள். அவர் கண்டிக்காரர் என்று உடனே மறுப்பு வந்தது. வியாஸ்காந்த் என்றார்கள். "அவனுக்கு இன்னும் விளையாடவே காலம் கிடக்கு, இப்பவே கல்வெட்டோ?" என்று சிரிப்பு. அப்போதுதான் ஒருவன், தன் அப்பப்பா அடிக்கடி சொல்லுகிற பெயர் என்று, "சதாசிவம்" என்றான். பாதிப் பேருக்கு அது ஆர் என்றே தெரியாது. தெரிந்தவர்கள் சொன்னதில் பாதி கிரிக்கெட், மீதி கொலை வழக்கு. உலகத்திலேயே பெரிய துடுப்பாட்ட வீரர், மனுசியைக் கொன்றதாக உள்ளே போட்டார்கள், பிறகு விடுதலை செய்தார்கள். கதை இவ்வளவுதான்.

எங்கட தோழி ஒருத்தி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டாள்: "சரி, செத்துப்போன அந்த மனுசியின்ர பேர் என்ன?"

ஒருத்தருக்கும் தெரியவில்லை. "மிசிஸ் சதாசிவம்" என்றான் ஒருவன். அவள் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆட்கள். வெட்கமாக இருந்தது. அந்தக் கேள்வியில் தொடங்கி நாங்கள் தேடி வாசித்ததுதான் இந்தக் கட்டுரை.

கழகங்களின் கொழும்பு

மகாதேவா சதாசிவம் 1915 ஒக்டோபர் 18 அன்று கொழும்பில் பிறந்தவர். வெஸ்லி கல்லூரியில் படித்தார். யாழ்ப்பாணத்து மண்ணில் விளையாடி வளர்ந்தவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். "எங்கட ஆள்" என்று சொல்லிக் கொண்டாடுவதற்கு முன்னால், எந்த "எங்கட" என்று கேட்கவேண்டி இருக்கிறது.

அந்தக் காலத்துக் கொழும்புக் கிரிக்கெட் இனத்துக்கொரு கழகமாகப் பிரிந்து கிடந்தது. சிங்களவருக்கு எஸ்.எஸ்.சி., பறங்கியருக்கு பி.ஆர்.சி., முஸ்லிம்களுக்கு மூர்ஸ், மலாய்க்காரருக்கு ஒன்று, வெள்ளைக்காரருக்குக் கொழும்பு கிரிக்கெட் கழகம். தமிழருக்கு 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன். சதாசிவம் தமிழ் யூனியன் ஆள். அந்தக் கழகத்தின் மைதானத்துக்கு அப்போது கொழும்பு ஓவல் என்று பெயர். இன்று டிவியில் "பி. சரா ஓவல்" என்று கேட்கிறோமே, அதே இடம்தான். சரா என்பது பாக்கியசோதி சரவணமுத்து, இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் முதல் தலைவர். தமிழர்.

ஆனால் தமிழ் யூனியனில் "தமிழ்" என்றால் எல்லாத் தமிழரும் இல்லை. ஆங்கிலம் படித்த, கொழும்பில் வீடுவாசலோ உத்தியோகமோ இருந்த ஆட்களுடைய உலகம் அது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் நன்றாக விளையாடின பெடியள் இரவு மெயில் ரெயினில் ஏறி, கிளாக்கர் வேலை எடுத்த பிறகுதான் அந்தப் படியை மிதிக்கலாம். தோட்டத்திலோ கடலிலோ வேலை செய்த குடும்பத்துப் பெடியன் அங்கே போய் மட்டை பிடிக்கிறதை யோசித்தும் பார்த்திருக்க முடியாது. சதாசிவத்தின் திறமையை இது குறைக்காது. அந்தத் திறமைக்குக் கதவு திறந்திருந்தது, வேறு பலருக்குத் திறக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

ஏன் இவ்வளவு குறைந்த ஓட்டங்கள்?

சதாசிவத்தின் முதல்தரக் கணக்கைப் பார்த்தால் இந்தக் காலத்து ஆட்களுக்குச் சிரிப்புத்தான் வரும். 11 போட்டிகள், 753 ஓட்டங்கள், சராசரி 41.83, 3 சதங்கள். இவ்வளவுதானா? இதை வைத்தா உலகத்தில் பெரிய ஆள் என்கிறார்கள்?

கணக்கு எப்படி உருவாகிறது என்று பார்த்தால்தான் விசயம் விளங்கும். இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது 1981 ஜூலையில். முதல் டெஸ்ட் ஆடியது 1982 பெப்ரவரியில், அதே பி. சரா மைதானத்தில், இங்கிலாந்துக்கு எதிராக. சதாசிவம் செத்து அப்போது நாலரை வருசம். உள்ளூர்க் கழகப் போட்டிகளுக்கு முதல்தரத் தகுதி கிடைத்தது அதற்கும் பிறகு, 1988-89 பருவத்தில். ஆகவே தமிழ் யூனியனுக்காக அவர் சனி, ஞாயிறுகளில் அடித்த ஓட்டம் ஒன்றும் உலகக் கணக்கில் ஏறவில்லை. அவருடைய 24 வயது தொடக்கம் 30 வரையான காலத்தை இரண்டாம் உலகப் போர் தின்றுவிட்டது. வெளிநாட்டு அணி ஒன்று கொழும்புக்கு வந்தாலோ, இலங்கை அணி கடல் தாண்டிப் போனாலோ மட்டும்தான் அவருடைய மட்டையில் பட்ட பந்து "வரலாறு" ஆகும். டொன் பிராட்மன் ஆடிய முதல்தரப் போட்டிகள் 234. சதாசிவம் ஆடியது 11.

அந்தப் பதினொன்றுக்குள் நடந்ததைப் பாருங்கள். 1945இல் விஜய் மேர்ச்சன்ட் தலைமையில் இந்திய அணி கொழும்புக்கு வந்தபோது 111. 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215. அவருடைய பெயரைச் சொல்லுகிற எவரும் கடைசியில் வந்து நிற்கிற இன்னிங்ஸ் அதுதான். 1950இல் பிராங் வொறல் விளையாடிய பொதுநலவாய அணிக்கு எதிராகக் கொழும்பில் 96. நான்கு ஓட்டம் குறைவு, ஆனால் சதங்களைவிடக் கூடுதலாகப் பேசப்பட்ட 96 அது. உலகப் பதினொருவர் அணியைத் தெரிவு செய்யச் சொன்னால் முதலில் சதாசிவத்தின் பெயரைத்தான் எழுதுவேன் என்று வொறல் சொன்னதாகத் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது.

அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட அடி "லேட் கட்". பந்து மட்டையைத் தாண்டிப் போய்விட்டது, விக்கெட் காப்பாளர் கையை விரித்துவிட்டார் என்று எல்லோரும் நினைக்கிற கணத்தில், மணிக்கட்டை மட்டும் திருப்பிப் பந்தைப் பின்பக்கம் தட்டிவிடுவது. பலம் தேவையில்லை. கண்ணும் நேரமும் வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் பிந்தினதுதான். களத்தடுப்பாளரை ஒரு இடத்தில் நிறுத்தினால் அவர் விட்டுப்போன இடத்தால் அடிப்பாராம், அந்த இடத்தை அடைத்தால் மற்ற இடத்தாலாம்.

இதில் ஒரு "ஆம்" இருக்கிறதைக் கவனித்திருப்பீர்கள். ஏட்டில் கணக்கு இல்லாத இடத்தை வாய்க்கதைதான் நிரப்பும். சதாசிவத்தின் வாழ்க்கையில் பெரிய பகுதி அப்படித்தான் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

1948

சுதந்திரம் கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1948 மார்ச் 27 அன்று பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குப் போகிற வழியில் கொழும்பில் இறங்கி, ஓவல் மைதானத்தில் ஒருநாள் ஆடியது. இலங்கை அணியின் தலைவர் சதாசிவம். பிராட்மன் 20 ஓட்டங்களோடு ஆட்டமிழந்தார். மழை வந்து ஆட்டம் முடிவில்லாமல் போனது. அந்த ஆட்டத்தில் ஒரு வேடிக்கை: ஏதோ சரியில்லை என்று அளந்து பார்த்தபோது, 22 யார் இருக்கவேண்டிய ஆடுகளம் 20 யார்தான் இருந்தது!

புதிய நாட்டின் முதல் மாதங்களில், தமிழ்க் கழகத்தின் மைதானத்தில், தமிழர் ஒருவர் தலைமையில் இலங்கை அணி பிராட்மனைச் சந்தித்தது. இதை வாசிக்கிறபோது எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அதே 1948இல்தான் குடியுரிமைச் சட்டமும் வந்தது. மலையகத் தமிழர்கள் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டார்கள். கொழும்பில் ஒரு தமிழர் இலங்கைத் தொப்பியோடு நாணயம் சுண்டுகிறார், ஹட்டனில் தேயிலை பறிக்கிற தமிழச்சிக்கு நாடு இல்லை. ஒரு வீரர் மேலே போனால் சமூகமே மேலே போய்விட்டது என்று நினைக்கிற பழக்கம் இன்றும் எங்களிடம் இருக்கிறது. முரளி 800 விக்கெட் எடுத்ததையும் சிலர் அப்படித்தான் கணக்குப் பார்க்கிறார்கள். ஆடுகளமே இரண்டு யார் குறைவாக இருந்தால், அடிக்கிற ஆள் ஒருவர் நல்லாய் அடிக்கிறதால் மட்டும் அது நீளாது.

விருந்து உடுப்பும் வீடும்

சதாசிவத்தைப் பற்றி அதிகம் சொல்லப்படுகிற கதைகள் இரவுக் கதைகள். விடிய விடிய விருந்திலும் நடனத்திலும் இருந்துவிட்டு, போட்ட விருந்து உடுப்போடேயே நேராக மைதானத்துக்கு வந்து இறங்கி, கால்காப்பைக் கட்டிக்கொண்டு போய்ச் சதம் அடித்தாராம். சொல்லுகிறவர்கள் எல்லோரும் ஒரு வகைச் செல்லத்தோடுதான் சொல்லுகிறார்கள். எங்கட நண்பனின் அப்பப்பாவும் அப்படித்தானாம்: "அவன் ராசாத் தம்பி. அவனுக்கு எல்லாம் தகும்."

கதை எவ்வளவு உண்மை என்பதை ஒரு பக்கம் விடுவோம். அது எப்படிச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். ஆம்பிளை ஒருவர் இரவு முழுக்க வீட்டுக்கு வராமல் இருந்தது திறமையின் அடையாளமாகிறது. வராத அந்த வீட்டில் ஆர் இருந்தது என்று கதை கேட்பதில்லை.

இருந்தவரின் பெயர் பரிபூரணம் ஆனந்தன் ராஜேந்திரா. வசதியான குடும்பத்துப் பெண். சதாசிவத்தை மணந்து நான்கு பெண் பிள்ளைகளைப் பெற்றவர். 1951இல் அவர் விவாகரத்துக்கு வழக்குப் போட்டார்.

அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண், நான்கு பிள்ளைகளோடு, நாட்டுக்கே தெரிந்த ஒருவருக்கு எதிராக நீதிமன்றப் படி ஏறுவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கே எங்கட ஊரில் "சகிச்சுக்கொண்டு இரு பிள்ளை" என்றுதான் சொல்லுவினம். பரிபூரணத்தைப் பற்றி எங்களுக்குக் கிடைக்கிற கொஞ்சத் தகவலில், அவர் தானாக எடுத்த முடிவு என்று தெளிவாகத் தெரிவது இந்த ஒன்றுதான். கிரிக்கெட் கட்டுரைகளில் அதற்கு அரை வரிதான் கிடைக்கிறது.

1951 ஒக்டோபர் 9

அன்று பம்பலப்பிட்டி சென். அல்பன்ஸ் பிளேஸ் 7ஆம் இலக்க வீட்டின் கார்க் கொட்டகையில் பரிபூரணம் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். சதாசிவம் அன்றே கைது செய்யப்பட்டார். அவருடைய 36ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

வீட்டில் வேலைக்கு நின்றவர் வில்லியம் என்ற இளைஞர். தென்பகுதியிலிருந்து வந்து, வேலைக்குச் சேர்ந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது. சம்பவத்துக்குப் பிறகு காணாமல் போயிருந்தவரைப் பொலிஸ் தென்னிலங்கையில் பிடித்தது. கொலை செய்தது சதாசிவம், தான் உதவி மட்டும்தான் செய்தேன் என்று அவர் வாக்குமூலம் கொடுத்தார். நிபந்தனையோடு மன்னிப்புக் கொடுத்து அவரையே அரச தரப்புச் சாட்சியாக்கினார்கள்.

வழக்கின் முடிச்சு நேரம்தான். சதாசிவம் அன்று காலை 10.30 மணியளவில் வாடகைக் கார் எடுத்து வீட்டைவிட்டுப் போனார். அதற்கு முன்னர் மரணம் நடந்திருந்தால் அரச தரப்பின் கதை நிற்கும். பின்னர் நடந்திருந்தால் அது விழுந்துவிடும். இறந்த உடல் எவ்வளவு நேரத்தில் விறைக்கும், எப்படிக் குளிரும், வயிற்றில் இருந்த சாப்பாடு எவ்வளவு செமித்திருந்தது என்பதை வைத்து மருத்துவர்கள் நாட்கணக்காக வாதாடினார்கள். அரச தரப்புக்குக் கொழும்பின் சட்ட மருத்துவப் பேராசிரியர் ஜி.எஸ்.டபிள்யூ. டி சேரம். எதிர்த்தரப்புக்கு ஸ்கொட்லாந்தின் எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித், உலகப் புகழ் பெற்ற சட்ட மருத்துவர். 1959இல் வந்த தன் நினைவுக் குறிப்புகளில் இந்த வழக்கைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார்.

சதாசிவத்துக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர். யாழ்ப்பாணத்தில் அரசியல் படிக்கிற எவருக்கும் அவர் பெயர் இரண்டு முறை வரும். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, ஒரு மொழி என்றால் நாடு இரண்டாகும் என்று எச்சரித்தவர் அவர். பதினாறு வருசம் கழித்து, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த 1972 அரசியலமைப்பை ஆக்கிய அமைச்சரும் அவர்தான். அந்த இரண்டுக்கும் முன்னர் அவருடைய பெயர் வீட்டுக்கு வீடு போனது இந்த வழக்கால்.

விசாரணை நீதியரசர் நோயல் கிரேஷன் முன்னிலையில் 1953 மார்ச் 20 தொடங்கி 57 நாட்கள் நடந்தது. ஜூன் 25 அன்று ஜூரிகள் ஒருமனதாக, குற்றவாளி இல்லை என்றார்கள். சதாசிவம் வெளியில் வந்தார். இருபது மாதம் விளக்கமறியலில் இருந்திருந்தார்.

இந்த இடத்தில் நாங்கள் எங்களுக்குள் நிறையச் சண்டை பிடித்தோம். அந்தத் தோழியும் இருந்தாள். கடைசியில் ஒரு இடத்துக்கு வந்தோம். சதாசிவம் நிரபராதி என்று நீதிமன்றம் சொன்னது. இத்தனை வருசம் கழித்து, ஒரு புளொக் கட்டுரையில் அதைக் கிளறி "ஆனாலும்..." என்று இழுப்பது அநியாயம். வில்லியத்தின் தலையில் கொலையைத் தூக்கி வைப்பதும் அதே அளவு அநியாயம். எதிர்த்தரப்பு அவரைத்தான் குற்றம் சாட்டியது. ஆனால் அவர் மேல் கொலை வழக்கு விசாரிக்கப்படவே இல்லை. வேலைக்கார ஏழைப் பெடியன் என்பதால் மட்டும், "பிறகென்ன, அவன்தான்" என்று முடித்துவிடுகிறவர்களை நாங்கள் வாசித்தோம். தீர்ப்பு, ஒருவர் குற்றவாளி இல்லை என்று சொன்னது. பரிபூரணத்தைக் கொன்றதற்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அந்த நான்கு பிள்ளைகளின் அம்மாவுக்கு நீதி கிடைக்கவில்லை என்பது, சதாசிவம் விடுதலையானது சரி என்பதோடு சேர்த்தே சொல்லக்கூடிய உண்மை.

மூன்று நாடுகளின் தலைவர்

அவர் உள்ளே இருந்த 1952-53 பருவத்தில்தான் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையிலான கோபாலன் கிண்ணம் தொடங்கியது. 215 அடித்த சேப்பாக்கத்துக்கு இலங்கை அணி திரும்பப் போகிற வழி திறந்த நேரத்தில் அவர் மறியலில்.

வெளியே வந்த பிறகு சிங்கப்பூர், மலாயா என்று போனார். அங்கும் ஆடி, இரண்டு அணிகளுக்கும் தலைவரானார். இலங்கை, சிங்கப்பூர், மலாயா என மூன்று நாடுகளுக்குத் தலைமை தாங்கிய ஆள் என்று இன்றும் வினாவிடைப் போட்டிகளில் கேட்கிறார்கள். மலாயாவுக்குப் போன யாழ்ப்பாணத்தார் எங்கட ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. ரெயில்வேயிலும் கந்தோரிலும் வேலை செய்து "மலாயன் பென்சனியர்" என்று திரும்பி வந்து கல்வீடு கட்டினவர்கள். அந்தப் பாதையில் கிரிக்கெட் மட்டையோடு போனவர் இவர். பிறகு கொழும்புக்குத் திரும்பினார். 1977 ஜூலை 9 அன்று, 61 வயதில் இறந்தார்.

எங்கட பக்கம்

எங்கட மண்ணில் கிரிக்கெட் சின்ன விசயம் இல்லை. யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதுகிற வடக்கின் பெருஞ்சமர் 1904இல் தொடங்கியது. பொன் அணிகளின் போர், இந்துக்களின் போர் என்று மாசி, பங்குனி வந்தால் ஊர் முழுக்கக் கொடியும் பப்பராசிக் குழலும்தான். அப்படி ஒரு நூற்றாண்டுக்கு மேல் விளையாடிய இடத்திலிருந்து டெஸ்ட் ஆடின துடுப்பாட்ட வீரர் ஒருவர்கூட வரவில்லை. மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் எல்.பி.எல்., 2023இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைச் சட்டை, 2024இல் ஐ.பி.எல். என்று போனார். அவர் சுழற்பந்து வீச்சாளர்.

துடுப்பாட்டம் செலவு கூடின வேலை. மட்டை, கால்காப்பு, தலைக்கவசம் எல்லாம் விலை. அதைவிட முக்கியம் ஆடுகளம். எங்கட பள்ளிக்கூடங்கள் நெடுங்காலம் விரிப்பு விரித்த ஆடுகளத்தில் ஆடினவை. அதில் பந்து எழும்புகிற விதம் வேறு, கொழும்பின் புல் ஆடுகளத்தில் வேறு. பதினெட்டு வயது வரை ஒன்றில் பழகினவன் மற்றதில் போய் நின்றால், லேட் கட் அடிக்கிறதற்கு வேண்டிய அந்தக் கணநேரக் கணக்குப் பிழைத்துவிடும்.

அதோடு போர். 1995 ஒக்டோபர் 30 வலிகாமமே எழும்பி நடந்தது. 1996 மார்ச் 17 அன்று இலங்கை உலகக் கிண்ணம் வென்றபோது, எங்கட அப்பா அம்மாமார் பலர் தென்மராட்சியிலும் வன்னியிலும் இடம்பெயர்ந்து இருந்தார்கள். கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டதாகச் சொல்லுவினம். பனைமட்டையைச் சீவித் துடுப்பாக்கி ஒழுங்கையில் விளையாடின தலைமுறை அது. அந்த ஒழுங்கைகளில் சதாசிவம் மாதிரி மணிக்கட்டு எத்தனை பெடியளுக்கு இருந்ததோ, கணக்கெடுக்க ஆள் இல்லை.

கணக்கு இருந்தவற்றுக்கும் நெருப்பு வைத்தார்கள். 1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் யாழ். பொது நூலகமும் அதன் 97,000 நூல்களும் போயின. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. பெருஞ்சமர் நடக்கிற மத்திய கல்லூரி மைதானத்திலிருந்து நூலகம் கூப்பிடு தூரம். அதற்கு அடுத்த மாதம் முடியவில்லை, இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்த செய்தி வந்தது. ஜூலை 1981. நாட்டின் கிரிக்கெட் வரலாறு புதுப் பக்கம் திறந்த அதே கோடையில் எங்கட பழைய பக்கங்கள் சாம்பலாய் இருந்தன. இந்த இரண்டு திகதிகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எங்களுக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

பெயர் வைக்கிறது

மண்டைதீவு அரங்குக்கு ஆரின்ர பெயர் என்ற கேள்விக்கு எங்களிடம் முடிவில்லை. சதாசிவத்தின் பெயரை வைக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. 215 அடித்தவர் 215 அடித்தவர்தான். டெஸ்ட் இல்லாத நாட்டில், கழகக் கணக்கு ஏறாத காலத்தில், பதினொரு போட்டியிலேயே ஒரு மனிதர் இத்தனை வருசம் பேசப்படுகிறார் என்றால் அந்தத் துடுப்பாட்டம் பெரியதுதான்.

எங்கட கோரிக்கை இவ்வளவுதான்: கதை சொல்லுகிறபோது முழுக்கச் சொல்லுங்கோ. விருந்து உடுப்புக் கதையைச் சொல்லுகிற வாய், பரிபூரணத்தின் பெயரையும் சொல்லட்டும். "கொலைகாரன்" என்று சும்மா சொல்லுகிறவர்கள், ஜூரிகள் ஒருமனதாக விடுவித்ததைச் சேர்த்துச் சொல்லட்டும். "தமிழ்ப் பெருமை" என்கிறவர்கள், அந்தத் தமிழ் யூனியனின் படலை ஆருக்குத் திறந்தது, ஆருக்குப் பூட்டிக் கிடந்தது என்பதையும் சொல்லட்டும். இப்படிச் சொன்னால் வீரருக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. நாங்கள் இவ்வளவும் வாசித்த பிறகும் அந்தச் சேப்பாக்க இன்னிங்ஸைப் பார்க்க ஒரு வழி இருந்தால் எப்படி இருக்கும் என்றுதான் நினைக்கிறோம்.

இன்னொன்று. உங்கட வீட்டு அலுமாரியில், பரணில், பழைய ஸ்கோர் புத்தகம், பெருஞ்சமர் மலர், அணிப் படம் ஏதும் கிடந்தால் கரையான் அரிக்க முதல் எடுத்து வையுங்கோ. போனில் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கோ. தாத்தாமார் கிரிக்கெட் கதை சொல்லத் தொடங்கினால் "பிறகு கேக்கிறன்" என்று எழும்பாமல் றெக்கோட் பண்ணுங்கோ. அவர் சொல்லி முடிய, பக்கத்தில் இருக்கிற அம்மம்மாவிடமும் ஒரு கேள்வி கேளுங்கோ: "மச் நடக்கேக்க நீங்கள் என்ன செய்துகொண்டு இருந்தனீங்கள்?"

அந்தப் பதிலும் எங்களுக்கு வேணும்.